சங்குக்கு முன்னால்

இரண்டில் ஒன்று. மத்தியான மில் சங்குக்குள் சொல்லியாக வேண்டும். கோகிலவாணி காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். சாப்பாட்டு நேரத்துல கூப்புடறேங்கப்பா, எதுன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க போதும், இன்னைக்கோட பாடத்துக்குப் பதிவு முடியுது. ஒரே வார்த்தை. என் மகளுக்கு என்னைத் தெரியும். சாப்பாட்டு மேசையில் இடது பக்கம் நீல அட்டைப் புத்தகம். வலது பக்கம் ஸ்பைரல் போட்ட ஒரு கத்தை. இரண்டும் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கிறவை, தேடி விசாரித்து எழுதச் சொல்லிக்கொடுக்கிறவை, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகளுக்கு. இப்படி ஒன்றை விற்கிறார்கள் என்பதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். இரண்டும் இங்கிலீஷ். நான் மில் இங்கிலீஷ்காரன், மெஷினோடு வரும் கேட்லாக் படித்துப் படித்து வந்த இங்கிலீஷ், அது போதும், இவர்களும் ஏதோ ஒரு மெஷினைத்தான் விளக்குகிறார்கள். மேலே ஃபேன் டக் என்கிறது, ஒரு சுற்று விட்டு மறுபடி டக். பேரிங் போய்விட்டது. கழற்ற வேண்டும். இப்போது இல்லை. எதிரே என் பேத்தி தாரகை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறாள். ஜன்னலில் ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுச் சுவர், அதன்மேல் துவைத்துப் போட்ட கால்மிதி. அதை இவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது. கேட்டால் பேனாவை வைத்துவிடுவாள். கேட்கவில்லை. இந்த வீட்டில் அந்தப் பேனா கீழே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது எல்லாருக்கும் வேலை.

என்னை எதற்கு இழுத்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் மூன்று நாளாகப் பேசிப் பேசி, பிறகு பேசாமல் இருந்து, கடைசியில் மயில்சாமி சொன்னான், மாமா பகலெல்லாம் புள்ளையோட இருக்காரு, அவருக்கு வழவழான்னு பேச வராது, அவர் சொல்றதை வெச்சுக்குவோம். நல்ல மனுஷன்தான் மயில்சாமி. ஃபவுண்டரியில் வேலை. வார்ப்பில் ஓட்டை இருந்தால் ஓட்டை, அவனுக்கு நடுவில் ஒன்றும் கிடையாது. பிள்ளை பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நின்றபோது ஒரு வருஷம் பொறுத்தான். ஜூனுக்குள்ள ஒரு கட்டுரை, ஒண்ணே ஒண்ணு, முழுசா எழுதிக் காட்டட்டும், இல்லீன்னா நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம், அட்வான்ஸ் கட்டிர்றேன் என்றான். அந்த ஹாஸ்டலை நான் போய்ப் பார்த்திருக்கிறேன், வேறு ஒருத்தர் பிள்ளையைக் கொண்டுபோய் விட. கட்டில்கள் நீளமாக, வரிசையாக, மில்லில் ஸ்பின்னிங் ஃபிரேம் போட்ட மாதிரி. சத்தம் மட்டும் இல்லை. இத்தனை பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தம் இல்லை என்றால் எங்கேயோ பெல்ட் கழன்றிருக்கிறது. இவள் அங்கே போனால் ஒரு வாரம். அதற்கப்புறம் இந்த வாய் திறக்காது. ஒரு தடவை அது மூடினதைப் பார்த்தவன் நான். அந்தப் பழைய பள்ளிக்கூடத்தில் மழையைப் பற்றிப் பத்து வரி எழுதச் சொன்னார்கள். இவள் எழுந்து கேட்டாளாம், எந்த மழைங் மிஸ். வகுப்பு சிரித்தது. அந்த அம்மாள் இவளை நிற்க வைத்துவிட்டது. எந்த மழை. யோசித்துப் பார்த்தால் சரியான கேள்வி. ஆவணியில் சத்தமில்லாமல் நனைக்கிற மழை வேறு, ஐப்பசியில் கூரை ஓடுகளை உடைக்கிற மழை வேறு. யோசித்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை, எனக்கும் இல்லை, நானும் அன்றைக்கு, எழுதீட்டுப் போவியா, கேள்வி என்ன வேண்டிக்கிடக்கு என்றுதான் சொன்னேன். பிறகு வெள்ளைத் தாள். எல்லாப் பரீட்சையிலும் பெயர், தேதி, வெள்ளைத் தாள். பேச்சும் குறைந்தது. வீட்டுக்கு வந்தபிறகு பேச்சு திரும்பியது. கை திரும்பவில்லை. ஒரு வருஷம் ஒரு வரி கிடையாது. இப்போது இந்த இரண்டு வாரமாகத்தான் அந்தப் பேனா நகர்கிறது. கோகிலவாணி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாள் போல. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

நீலப் புத்தகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதைச் சொல்லிவிட வேண்டும். சுத்தமான வேலை. முதல் பத்தியில் நீ என்ன சொல்லப் போகிறாய் என்று சொல். அப்புறம் மூன்று காரணம், காரணத்துக்கு ஒரு பத்தி. கடைசியில் சொன்னதையே உறுதியாகச் சொல்லி முடி. ஒவ்வொன்றுக்கும் மார்க். பஞ்சைப் போட்டால் மறுமுனையில் நூல் வருகிற மாதிரி, எங்கே நின்றாலும் எதற்காக நின்றது என்று தெரிகிற மாதிரி. மயில்சாமிக்கு இதைக் காட்டலாம். இதோ பார் மாப்பிள்ளை, இத்தனைக்கு இத்தனை. ஜூன் தாண்டிவிடும். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அதில் ஒரு சோதனை இருக்கிறது. நேற்று அவளிடம் நீட்டினேன். பார்த்துவிட்டு, நீங்களே எழுதிப் பாருங் அப்புச்சி, நான் மார்க் போடறேன் என்றாள். எழுதினேன். எனக்கென்ன பயம். செல்போன் நல்லதா கெட்டதா. கெட்டது. ஏன் என்று ஆறு வரி. அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. பின்பக்கம் இருந்த அட்டவணையை வைத்துக்கொண்டு டிக் போட்டாள். தொடக்க நிலைன்னு வருதுங் அப்புச்சி, உங்களுக்கு இணைப்புச் சொல்லே இல்லீங்களாம். சிரித்தாள். சத்தமாக. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை ஃபெயிலாகலாம். ஆனால் ஒன்று கவனித்தேன். எனக்குத்தான் டிக் போட்டாள், தான் எழுதவில்லை. அந்தத் தாளை மேசையில் வைத்தபோது தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சூடான தோசைக்கல்லிலிருந்து கையை எடுப்பது மாதிரி. டக் என்கிறது ஃபேன். அதை நினைக்கக் கூடாது. நீலம் நல்ல புத்தகம். கையை எடுத்தாள். நல்ல புத்தகம்தான்.

ஸ்பைரல் கத்தை பாண்டிச்சேரியில் யாரோ ஒரு அம்மாள் தயாரித்தது. கோணல் படங்கள். அவர்களே வரைந்திருக்க வேண்டும், காசு கொடுத்து வரைந்தவன் இப்படி வரையமாட்டான். மார்க் கிடையாது. முதல் பாடமே இதுதான்: தினமும் நீ பார்க்கிற ஒன்று, ஆனால் ஏன் என்று உனக்குத் தெரியாத ஒன்று, அதைப் போய்ப் பார், பார்த்ததை எழுது. பிறகு யாரையாவது கேள், கேட்டதை எழுது. பிறகு அவர்கள் சொன்னது சரியா என்று பார், அதை எழுது. கடைசிப் பக்கத்தில் மேலே ஒரு வரி: இன்னும் தெரியாதது என்ன? கீழே ஒன்றும் இல்லை. பக்கம் முழுக்கக் காலி. கேள்வியைக் கேட்டுவிட்டு இடத்தை விட்டிருக்கிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தை நிரப்ப வக்கில்லாமல் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்களா. மயில்சாமி இதைப் பார்த்தால் வார்ப்பில் ஓட்டை என்பான். இதை நம்பி ஜூன் வரை போனால், கடைசியில் கையில் முழுசாக ஒன்றும் இருக்காது, பாதிப் பாதியாக நிறைய இருக்கும், பாதிக்கு அவனிடம் பெயர் கிடையாது, பெட்டியைக் கட்டுவான். அந்தக் கட்டில்கள். அந்த வரிசை. ஆனால் அந்த முதல் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் இவள் பேனாவை எடுத்தாள். யாரும் சொல்லாமல். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி என்பது தெருநாய். கிழடு, ஒரு காது மடங்கினது, எங்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிற பழைய வேனுக்கு அடியில் குடித்தனம். மில் சங்கு ஊதினால் தெருவில் எல்லா நாயும் ஊளையிடும். அது எல்லா ஊரிலும் உண்டு. இது சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே ஆரம்பிக்கும். ஷிப்டுக்கு ஆளை விரட்டுகிற மேஸ்திரி மாதிரி. அதனால் அந்தப் பெயர். எத்தனையோ வருஷமாகத் தெருவே கேட்கிறது, சிரிக்கிறது, மேஸ்திரி கத்தியாச்சு, அரிசியைப் போடு என்பார்கள். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. இவள் கேட்டாள். சங்கு ஊதப்போவுதுன்னு அதுக்கு எப்படித் தெரியுதுங் அப்புச்சி. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஹுமிடிட்டி என்றேன். மில்லில் அது ஒரு பழக்கம். நூல் அறுந்துகொண்டே இருக்கும், மேலே இருந்து வந்து ஏன் என்பார்கள், தெரியவில்லை என்று எவனும் சொல்லமாட்டான், சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எதுக்குச் சம்பளம். காற்றில் ஈரம் சரியில்லை சார், ஹுமிடிட்டி. எல்லாருக்கும் அதுதான் பதில். கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டுப் போவார், அவருக்கு மேலே இருக்கிறவரிடம் அவரும் அதையே சொல்ல. மில்லுக்கு வெளியிலும் வந்துவிடும். பால் திரிந்தால் ஹுமிடிட்டி. முட்டிவலி, ஹுமிடிட்டி. என் மனைவி இருந்தபோது, கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வரலீன்னாலும் இந்த மனுஷன் ஹுமிடிட்டிம்பாரு என்பாள். இவளுக்கும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு மறந்துவிட்டேன். இவள் மறக்கவில்லை. மாடியில் ஈரத்துணியைக் காயப்போட்டு, காய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்திருக்கிறாள். மழை வந்த நாளில் மேஸ்திரியைப் பார்த்திருக்கிறாள், உதடு வெடிக்கிற வெயிலில் பார்த்திருக்கிறாள். இதோ மேசையில் அவள் எழுதினது இருக்கிறது, தமிழில்தான் முதலில் எழுதிக்கொள்கிறாள், படிங்கன்னு அவளே தள்ளினாள். அப்புச்சி ஈரப்பதம் என்று சொன்னார். ஈரமான நாளிலும் காய்ந்த நாளிலும் பார்த்தேன். அப்படி இல்லை. அவ்வளவுதான். அப்படி இல்லை. எங்கள் மில்லில் எவனும் அந்த வார்த்தையைப் பரீட்சை பண்ணிப் பார்த்ததில்லை, நானும் சரி, பெரிய படிப்பு படித்து வந்தவர்களும் சரி. ஒரு ஈரத்துணியில் அதைக் காயப்போட்டுவிட்டாள். கோபம்தான் முதலில் வந்தது. அடுத்து வந்தது கோபம் இல்லை. என்ன என்று தெரியவில்லை. முதுகு நிமிர்ந்தது.

மறுபடி படிக்கிறேன். அப்புச்சியையும் என்னையும் மேஸ்திரியையும் வாசலில் உட்கார வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சங்கு கேட்டவுடன் கையைத் தூக்க வேண்டும். மேஸ்திரி முதலில். நான் இரண்டாவது. அப்புச்சி மூன்றாவது. ஆமாம், நடந்தது, எதற்கு என்று சொல்லாமல் உட்கார வைத்தாள். காதை வைத்துப் பிழைத்தவன் நான். ஓடுகிற ஷெட்டுக்குள் நடந்துபோனால் எந்த ஸ்பின்டில் சரியில்லை என்று கைகாட்டுவேன். அந்தச் சத்தமே காதைத் தின்றுவிட்டது, மெல்லிசான ஒலியெல்லாம் போய்விட்டது, குக்கர் விசில் மூன்றாவதுதான் எனக்கு முதல் விசில். ஃபேன் டக் மட்டும் கேட்கிறது. இந்த டக்கை இவள் கேட்கிறாளா. இவளுக்கு இன்னும் என்னென்ன கேட்கும். நாய்க்கு என்னென்ன. எனக்குக் கேட்காததெல்லாம் இந்த அறையில் இப்போது, இந்த நிமிஷம், நிறைந்து கிடக்கிறது. யோசித்தால் தலை சுற்றுகிறது. அடுத்த பத்தி. வார விடுமுறை அன்று மில் கிடையாது. சங்கு இல்லை. அன்றைக்கும் போய் உட்கார்ந்தேன். அந்த நேரத்தில் மேஸ்திரி எழுந்து நின்றது. காத்திருந்தது. பிறகு படுத்துக்கொண்டது. இதைப் படித்ததும் தாளைக் கீழே வைத்தேன் காலையில். இப்போதும் வைக்கிறேன். நேரம் அதற்குத் தெரிகிறது, அதனால் நின்றது. ஆனால் நேரத்துக்காக மட்டும் அது கத்துவதில்லை. வேறு ஒன்று வர வேண்டும். வரவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை. என்ன அது. சங்குக்கு முன்னால் வருகிற என்ன. ஒரு குழாய்க்குள் காற்று நகர்வதா, ஒரு ஸ்விட்சா, தூரத்தில் ஒரு ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பதா. அடுத்த வரியில் இவளே கேட்டிருக்கிறாள், சங்கை ஊதுவது யார்? நாள் முழுவதும் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் உட்காரலாம். அந்தச் சங்குக்கு எழுந்தேன், சாப்பிட்டேன், அதற்குத் தாலி கட்டாத குறைதான். ஊதுகிற கையைப் பார்த்ததில்லை. ஒரு கை இருக்கும் என்றே நினைத்ததில்லை. சூரியன் உதிக்கிற மாதிரி அது ஊதும் என்று இருந்திருக்கிறேன். இந்தப் பிள்ளை, சாப்பாட்டுத் தட்டைக் கழுவ மறக்கிற பிள்ளை, எதிர்வீட்டுக் கால்மிதியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை, எங்கிருந்து இதை எடுத்தது. கோயிலில் திரையை விலக்கும்போது ஒரு கணம் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அப்படி இருக்கிறது இந்தத் தாள். கடைசி வரி, எனக்குத் தெரியவில்லை. அதற்குக் கீழே கோடு போடவில்லை, முற்றும் இல்லை. அட்டவணையை எடுத்துப் பார்க்கிறேன், நீலப் புத்தகத்தின் அட்டவணை. முதல் பத்தியில் கருத்து, இல்லை. மூன்று காரணம், ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே காரணத்தையும் அடித்துவிட்டாள், அது என்னுடையது. உறுதியான முடிவு, இல்லை. இணைப்புச் சொல், எனக்கு எவ்வளவோ அவ்வளவு. தொடக்க நிலை. நல்ல புத்தகம் சொல்கிறது. தோசைக்கல். மடியில் கை. டக்.

போன் அடிக்கிறது. கோகிலவாணி. எடுப்பதற்குள் தாரகை எழுந்துவிட்டாள், உதட்டில் விரலை வைத்து, அப்புச்சி வாங்க, எந்திரிச்சிருச்சு. போனைக் காதில் வைத்தபடி வாசலுக்குப் போகிறேன். இரும்மா என்கிறேன். எதுங்கப்பா, நீலமா என்கிறாள் மகள். இரு. கேட்டுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நிற்கிறது. வேனுக்கு அடியிலிருந்து மேஸ்திரி வெளியே வந்து நான்கு காலிலும் நிற்கிறது. மடங்கின காதுகூட அசைகிறது. மில் பக்கம் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கிறது. தரையை. இதை எழுதியிருக்கிறாளா. தாரகை நாயைப் பார்க்கவில்லை, அவளும் குனிந்து தரையைப் பார்க்கிறாள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை அந்தச் சுடுகிற தரையில் வைக்கிறாள். நானும் கழற்றுகிறேன். எதற்கு என்று தெரியாது. சுடுகிறது. போனில் மகள் மூச்சு. தெருவில் ஒரு ஓசையும் இல்லை, அல்லது எனக்கில்லை. மேஸ்திரி தலையைத் தூக்கியது. தொண்டை நீண்டது. ஊளை. கிழட்டுக் குரல், நடுவில் உடைகிறது, விட்டு மறுபடி ஏறுகிறது. தாரகை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் சங்கு இல்லை. இன்னும் இல்லை. இந்த இடைவெளியில் இத்தனை வருஷம் என்ன பண்ணிக்கொண்டிருந்தேன். கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது. அப்புறம்தான் வந்தது சங்கு, வழக்கம்போல, ஊர் முழுக்க, தெருவில் மீதி நாய்களும் சேர்ந்துகொண்டன.

அப்பா, என்னங்கப்பா சத்தம் என்றாள் கோகிலவாணி. மேஸ்திரி. சரி, எதுன்னு சொல்லுங்க, லஞ்ச் முடியப்போவுது. ஸ்பைரல் என்றேன்.  அவள் மெதுவாக, அதுல மார்க்கே இல்லீங்களேப்பா, ஜூன்ல அவருகிட்ட என்னத்தைக் காட்டறது, பாதில நிக்கறதையா, அதை வெச்சு அவர் ஒத்துக்குவாருங்களா? தாரகை மணிக்கட்டை விடவில்லை. அவளுக்கு எல்லாம் கேட்கும், காது அப்படி. நாமக்கல் என்ற வார்த்தை எனக்கும் அவளுக்கும் நடுவில் சொல்லாமலே நிற்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும். வாய் பழக்கத்தில் எங்கேயோ போகப் பார்த்தது, அந்த மில் வார்த்தைக்கு, ஹுமிடிட்டிக்கு.

தெரியல என்றேன்.

என்னங்கப்பா சொன்னீங்க?

தெரியல கண்ணு. ஒத்துக்குவானா என்னன்னு தெரியல. மாப்பிள்ளையைச் சாயந்திரச் சங்குக்கு முன்னால மில் கேட்டுக்கு வரச் சொல்லு. நானும் புள்ளையும் அங்க நிப்போம். சங்கை யார் ஊதறாங்கன்னு கேக்கணும். மேஸ்திரி எப்பக் கத்துதுன்னு இங்க பாக்க ஒரு ஆள் வேணும், அது நீ. வேலையிலிருந்து வெள்ளெனக் கெளம்பி வா.

வைத்துவிட்டேன். மேஸ்திரி வேனுக்கு அடியில் போய்ச் சுருண்டுவிட்டது, அதன் வேலை முடிந்தது. தாரகை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கால்மிதியைப் பார்த்த மாதிரி, நெடுநேரம். அப்புச்சி, தரையில காலுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா உங்களுக்கு?

இல்லை. உனக்கு?

உள்ளே ஓடினாள். பேனா மேசையில் உரசுகிற சத்தம். அது எனக்குக் கேட்டது.